உலகம் ரெடி, கதை எங்கே?

கேள்வி: மூன்று வருடமாகச் செவ்வாய்க் கிரகக் குடியேற்றத்தைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுத முயற்சி செய்கிறேன். இரண்டு நோட்டு நிறையக் குறிப்புகள் இருக்கின்றன. நகரங்களின் வரைபடம், அரசியல் அமைப்பு, 150 வருட வரலாறு எல்லாம் தயார். ஆனால் கதை இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. படித்துப் பார்த்த நண்பர்கள் ‘பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். இடையில் தொடங்கிய ஒரு மாயாஜாலக் கதையும் அப்படியே நிற்கிறது. நான் இயற்பியல் படித்தவன் இல்லை. அதுதான் காரணமா? எழுதிய இரண்டு அத்தியாயங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இயற்பியல் மேல் பழி போட வேண்டாம். உங்கள் முதல் பத்தியில் அறிவியல் பிழை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பத்தியைப் பார்ப்போம்:

“கி.பி. 2190. செவ்வாயில் மனிதர்கள் குடியேறி நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பன்னிரண்டு கண்ணாடிக் குவிமாடங்களுக்குள் நான்கு லட்சம் பேர் வாழ்ந்தனர். ஒவ்வொரு குவிமாடத்திலும் வளிமண்டல அழுத்த ஒழுங்கமைவுக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. பூமியுடனான தகவல் தொடர்பைக் கூட்டமைப்பின் தகவல் துறை நிர்வகித்தது.”

நான்கு வாக்கியம், நான்கு லட்சம் பேர், ஆனால் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. நண்பர்கள் பாடப்புத்தகம் என்றது இதனால்தான். கற்பனை உலகம் வாசகர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பது அது யாரையாவது இடிக்கும்போது. ஒருவருக்கு ஒன்று வேண்டும், அந்த உலகத்தின் விதி குறுக்கே நிற்கிறது. அந்த இடத்தில் விதியும் புரிந்துவிடும், ஆளும் புரிந்துவிடுவார்.

உங்கள் குறிப்புகளில் ‘தகவல் தாமதம்: 3 முதல் 22 நிமிடம்’ என்று ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மிகச் சரியான கணக்கு. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே உள்ள தூரம் சுமார் 5.5 கோடி கிலோமீட்டரிலிருந்து 40 கோடி கிலோமீட்டர் வரை மாறும். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளிக்கே அவ்வளவு நேரம் பிடிக்கும், ரேடியோ அலையும் அதே வேகம்தான். இந்த ஒரு வரி போதும், உங்கள் நாவலை இதிலிருந்தே எடுக்கலாம்.

எப்படி என்கிறீர்களா? அங்கே வசிக்கும் ஒரு பெண், பூமியில் படுக்கையில் கிடக்கும் அப்பாவிடம் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்கிறாள். கேள்வி போய்ச்சேர இருபது நிமிடம், பதில் வர இன்னொரு இருபது. இப்படி வாழ்கிறவர்கள் நம்மைப்போல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க மாட்டார்கள். மொத்தமாகக் கேட்பார்கள், எண் போட்டுக் கேட்பார்கள். “ம்” கொட்ட முடியாது. குறுக்கே பேச முடியாது. சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது: கோபத்தில் கத்தியதற்குப் பதில் வரும்போது கோபம் ஆறியிருக்கும், ஆனால் எதிர்த் தரப்பின் கோபம் அப்போதுதான் சூடாக வந்து இறங்கும். இரண்டு மன்னிப்புகள் நடுவழியில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். (என் முதல் கதையில் பூமியும் செவ்வாயும் போனில் மாறி மாறிச் சண்டை போட்டுக்கொண்டன. ஒரு வாசகர் அஞ்சலட்டையில் இரண்டே வரியில் கணக்குப் போட்டு அனுப்பினார். இன்னும் வைத்திருக்கிறேன்.)

இன்னொன்றும் உண்டு. சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் இரண்டு கிரகத்துக்கும் நடுவில் வந்துவிடும். இப்போதே விண்வெளி நிறுவனங்கள் அந்தச் சமயத்தில் சுமார் இரண்டு வாரம் செவ்வாய்க் கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவைக்கின்றன. அப்போது செவ்வாய் சூரியனுக்கு அந்தப் பக்கம் இருக்கும், ஆகவே தாமதமும் உச்சத்தில் இருக்கும். இதையெல்லாம் சேர்த்து உங்கள் பத்தியை நான் எழுதினால்:

“அப்பாவின் குரல் வந்து சேர்ந்தபோது கயல் தூங்கிவிட்டிருந்தாள். எழுந்து போட்டுக் கேட்டாள். ‘மூணாவது கேள்விக்கு, வலி இல்லம்மா. அஞ்சாவதுக்கு, அத்தை வந்துட்டுப் போனா. நாலாவது...’ இருமல். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு நர்ஸின் குரல்: ‘அவர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.’ கயல் தன் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். நான்காவது கேள்வி: நான் வந்திருக்கணுமா?

நாளை மறுநாள் மறைப்பு தொடங்குகிறது. பதினான்கு நாள்.”

செவ்வாய் என்ற சொல்லே இதில் இல்லை, ஆண்டும் இல்லை, மக்கள்தொகையும் இல்லை. ‘மறைப்பு’ என்றால் என்ன என்று வாசகருக்கு முழுதாகத் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும். பதினான்கு நாள் பேச முடியாது என்பது மட்டும் புரிந்தால், மீதியைத் தெரிந்துகொள்ள அவரே பக்கத்தைத் திருப்புவார்.

‘மறைப்பு’ என்று சும்மா போடவில்லை. தமிழில் எழுதும்போது நாம் அடிக்கடி வழுக்கும் இடம் இது. உங்கள் ‘வளிமண்டல அழுத்த ஒழுங்கமைவுக் கருவி’ அரசாணையில் இருக்க வேண்டிய பெயர். அதோடு தினமும் குடித்தனம் நடத்துகிறவர் அதை ‘மூச்சுப்பெட்டி’ என்பார், இல்லாவிட்டால் வெறும் ‘பெட்டி’ என்பார். “பெட்டி நேத்து ராத்திரி ரெண்டு தடவை நின்னுபோச்சு” என்று ஒரு பாத்திரம் சொன்னால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நீளமான பெயர் அப்படிச் செய்யாது. அதிகாரியின் வாயில் நீளப் பெயர், வீட்டில் குட்டிப் பெயர் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் அந்தச் சமூகத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடும். ஆள் பெயர்களுக்கும் ஒரே சோதனைதான்: சத்தமாக மூன்று முறை கூப்பிட்டுப் பாருங்கள். நாக்கு சுளுக்கினால் மாற்றுங்கள்.

இனி மாயாஜாலக் கதை. ‘மந்திரத்தால் எதையும் செய்யலாம்’ என்பதுதான் அங்கே கதையை நிறுத்துகிறது என்று நினைக்கிறேன். எதையும் செய்ய முடிந்தால் நாயகன் எதற்காகக் கஷ்டப்பட வேண்டும்? ஒரே ஒரு பொய் சொல்லுங்கள், அந்தப் பொய்க்கு எல்லை போடுங்கள். அப்புறம் அது ஊரில் என்னவெல்லாம் செய்யும் என்று வக்கீல் மாதிரி துருவுங்கள்.

உதாரணத்துக்கு, இறந்தவர்கள் மூன்று நாள் வரை பேசலாம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தோன்றுவது எல்லோருக்கும் தோன்றுவதுதான்: கண்ணீர், பிரியாவிடை. அதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்து யோசியுங்கள். கொலைகாரர்கள் பிணத்தை மூன்று நாள் ஒளித்து வைப்பார்கள். ஆகவே நான்காம் நாள் கிடைக்கும் ஒவ்வொரு பிணத்தின் மேலும் சந்தேகம் வரும். உயில் எழுதுவதா, செத்த பிறகு வாயால் சொல்வதா? செத்தவர் பேச்சு மாறினால் எது செல்லும்? மூன்று நாளும் வாசலில் கடன்காரர்கள். இன்னும் கீழே போங்கள்: உயிரோடு இருந்தவரை வாயைத் திறக்காத ஒரு மருமகள், இறந்த பிறகு மூன்று நாள் பேசுகிறாள். பயப்பட வேண்டிய தேவை போய்விட்டது அவளுக்கு. வீட்டில் யார் அந்த அறைக்குள் போவார்கள், யார் போக மாட்டார்கள்?

எனக்கு இந்த மூன்றாவது, நான்காவது படியில்தான் கதை கிடைத்திருக்கிறது. முதல் படியில் கிடைப்பது பத்துப் பேர் ஏற்கெனவே எழுதியது.

இயற்பியல் பற்றிக் கேட்டீர்கள். சமன்பாடு தெரிய வேண்டியதில்லை. ஆனால் உடம்புக்கு என்ன ஆகும் என்று தெரிந்தாக வேண்டும். நான் பாடநூல்களைவிட விண்வெளி வீரர்களின் நினைவுக் குறிப்புகளையும் பேட்டிகளையும்தான் அதிகம் மேய்வேன். நிலவுத் தூசு வெடித்த துப்பாக்கி மருந்து போல மணந்தது என்று அப்போலோ வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1972இல் அப்போலோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசால் மூக்கடைத்து ஒவ்வாமையே வந்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு உள்ளங்கால் தோல் பூப்போல ஆகி உரிந்துவிடும், புறங்கால் காய்த்துப்போகும். காலைக் கம்பிக்கு அடியில் கோத்துத்தானே அங்கே ஓரிடத்தில் நிற்கிறார்கள்! 2004இல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் செவ்வாயில் இறங்கியபோது, பூமியில் அவற்றை இயக்கிய குழு செவ்வாய் நேரத்துக்கு வேலை பார்த்தது. அங்கே ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடத்துக்குச் சற்று அதிகம். தினமும் வேலை 40 நிமிடம் தள்ளித் தொடங்கும், இரண்டரை வாரத்தில் பகல் ஷிப்ட் இரவு ஷிப்ட் ஆகிவிடும். அதற்கென்றே மெதுவாக ஓடும் கைக்கடிகாரமும் செய்து வாங்கினார்கள். அந்தக் குழுவில் ஒருவருக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் வீடு என்னவாகும் என்று யோசியுங்கள். அது தனிக் கதை.

கணக்குப் போட்டுப் பார்ப்பதிலும் லாபம் உண்டு. சுழலும் விண்நிலையம் ஒன்று வைக்கிறீர்கள். அதன் ஆரம் 224 மீட்டர், நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றால் விளிம்பில் பூமியின் ஈர்ப்புக்குச் சமமான எடை கிடைக்கும். ஆனால் முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஊற்றும் தண்ணீர் நேர் கீழே விழாது, சுமார் ஒரு சென்டிமீட்டர் விலகி விழும். புதிதாக வந்தவர் மேசையெல்லாம் சிந்துவார். அங்கே பிறந்தவள் பார்க்காமலே டம்ளரை நிரப்புவாள். அவளே முதல்முறை பூமிக்கு வந்து தண்ணீர் ஊற்றும்போது கை தன்னால் ஒரு விரல் தள்ளிப் போகும். ஒரு வார்த்தை பேசாமல் அவள் எந்த ஊர்க்காரி என்று சொல்லியாயிற்று.

விவரங்களை உரையாடலுக்குள் திணிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் அண்ணன் தம்பியிடம், “உனக்குத்தான் தெரியுமே, நம் தாத்தா மூன்றாம் குடியேற்றக் கப்பலில் வந்தவர்” என்கிறான். அவனுக்குத்தான் தெரியுமே, அப்புறம் எதற்குச் சொல்கிறான்? தம்பி, “மூணாம் கப்பல்காரன் பேரனுக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு கொடுக்க மாட்டாங்களாம்” என்று வந்து நிற்கட்டும். கப்பலும் வந்துவிடும், கப்பலை வைத்து ஆட்களைப் பிரிக்கிறார்கள் என்பதும் வந்துவிடும்.

நாவலை இப்போதைக்கு மூடி வையுங்கள் என்பது என் யோசனை. இரண்டு நோட்டையும் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, அதே உலகத்தில் ஒரு சிறுகதை எழுதுங்கள். ஒரு அறை, ஒரு நாள், இரண்டு பேர், 2,500 வார்த்தைக்கு மேல் வேண்டாம். எழுதும்போது நோட்டைப் பார்க்காமல் நினைவுக்கு வருவது எதுவோ அதுதான் கதைக்குத் தேவையானது. முடித்தபின் அறிவியல் புனைவே படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். “எந்த வரியில் போனைக் கையில் எடுத்தீங்க?” என்று கேளுங்கள். அந்த வரிக்கு மேலே இருக்கும் பத்தியில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். வரைபடம் வைக்கலாம், அழகாகத்தான் இருக்கும். அருஞ்சொல் பட்டியல் வேண்டாம். சொல் புரிய பட்டியல் தேவைப்பட்டால் காட்சியைத் திருத்துங்கள்.

சரி, அந்த அறிவியல் பிழை. கண்ணாடிக் குவிமாடம். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே நாம் மூச்சுவிடுகிற அளவு காற்றை அடைத்தால், அது ஒவ்வொரு சதுர மீட்டரையும் கிட்டத்தட்ட பத்து டன் விசையோடு வெளியே தள்ளும். குவிமாடம் இடிந்து விழுமோ என்று உங்கள் பாத்திரங்கள் பயப்படுகிறார்கள், ஆனால் அது மேலே பிய்த்துக்கொண்டு போகத்தான் பார்க்கும். போதாததற்குக் கதிர்வீச்சு வேறு: தடுக்கப் போதிய காற்றும் இல்லை, பூமிக்கு இருப்பது போன்ற காந்தப்புலமும் இல்லை. ஆகவே நான்கு லட்சம் பேரும் பெரும்பாலும் சில மீட்டர் மண்ணுக்கு அடியில்தான் குடியிருப்பார்கள். அப்படியென்றால் ஜன்னல் என்பது ஆடம்பரம். செவ்வாயில் சூரியன் மறையும்போது அதைச் சுற்றி வானம் நீலமாக இருக்கும். அந்த நீலத்தைத் தினமும் பார்ப்பவர் யார், வருடத்துக்கு ஒருமுறை முறைவைத்துப் பார்ப்பவர் யார்? கயல் அப்பாவின் குரலை ஜன்னல் உள்ள அறையில் கேட்டாளா, இல்லாத அறையிலா என்று முடிவு செய்துவிட்டு அந்தச் சிறுகதையைத் தொடங்குங்கள்.