வாசகர் கேள்வி–பதில்: இரத்த வங்கியில் யாருக்கு என்ன தெரியும்?

இம்மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் இரத்த வங்கியைப் பற்றியவை. ஆய்வுகூடப் பொறுப்பாளர் ஒருவரின் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவை அதன் பின்னால்.

கேள்வி: எங்கள் ஆய்வுகூடத்தில் ஏழு பேர். இரத்த வங்கி வேலையை எல்லாரும் முறைவைத்துச் செய்கிறார்கள். இருபது கேள்விகளில் ஒரு பரீட்சை வைத்தேன். எல்லாருக்கும் எண்பதுக்கு மேல் புள்ளி. ஆனால் இரவுப் பதிவேட்டில் றிவேர்ஸ் குறூப்பிங் (நோயாளியின் பிளாஸ்மாவைத் தெரிந்த ஏ, பி குழியங்களோடு சேர்த்துக் குறூப் பார்ப்பது) கட்டங்கள் பல நாள் வெறுமையாகக் கிடக்கின்றன. பரீட்சையில் பிழையா, ஆட்களில் பிழையா?
— ஆய்வுகூடப் பொறுப்பாளர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: முதலில் பரீட்சையைப் பாருங்கள். "செங்குழியப் பையை எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும்?" என்று கேட்டால் 2 முதல் 6 பாகை என்று எல்லாரும் எழுதுவார்கள். அது மனப்பாடம். விடியற்காலை ஐந்து மணிக்கு வெப்பமானி 9 பாகை காட்டுகிறது, உள்ளே பதினான்கு பைகள் இருக்கின்றன, அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எண்பது எடுத்தவர்களில் சிலர் பேனையைக் கடிப்பார்கள். அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

எழுத்துப் பரீட்சையை பத்துக் கேள்விக்குச் சுருக்குங்கள். பத்தும் "இப்படி நடந்தால்?" என்ற வகையாக இருக்கட்டும். ஒரு மாதிரி: இரவு 1.40. பிரசவத்துக்குப் பிறகு இரத்தப் பெருக்கு. தாயின் குறூப் தெரியாது, கையில் இரத்த மாதிரியும் இல்லை, வார்டிலிருந்து "உடனே தாருங்கள்" என்று அழைப்பு வருகிறது. நல்ல பதிலில் இவ்வளவும் இருக்க வேண்டும்: ஓ நெகற்றிவ் செங்குழியத்தைக் கொடுப்பது. பை ஏற்ற முன்னரே மாதிரி எடுக்கச் சொல்வது. வைத்தியரிடம் அவசரத் தேவைக்கான கையொப்பம் பெறுவது. கொடுத்த பையின் குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு, மாதிரி வந்ததும் பின்னோக்கிக் குறொஸ்மட்ச் (பையின் குழியம் நோயாளியின் பிளாஸ்மாவோடு பொருந்துகிறதா என்ற சோதனை) செய்வது. குறூப் உறுதியானதும் அந்தக் குறூப்புக்கு மாறுவது. ஓ நெகற்றிவ் தீர்ந்துவிட்டால் என்ன என்பதையும் கேளுங்கள். உயிர் போகும் நிலையில் வைத்தியரின் முடிவோடு ஓ பொசிற்றிவ் கொடுக்கலாம் என்பதை அறியாமல், "இல்லை" என்று தொலைபேசியை வைத்துவிடுகிறவர் இருக்கக்கூடாது. பிளாஸ்மா கேட்டால் அங்கே ஓ அல்ல, ஏபி என்பதும் அதே கேள்விக்குள் வரட்டும். அந்த இடத்தில் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது கை வேலை. பழைய மாதிரிகளைக் கொண்டு ஆறு ரியூப் தயார் செய்யுங்கள். விடை உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். இரண்டு சாதாரணமானவை. மூன்றாவது, கழுவிய ஓ செங்குழியங்களை ஏபி பிளாஸ்மாவில் கலந்தது. போர்வேர்ட்டில், அதாவது குழியத்தை அன்ரி-ஏ, அன்ரி-பி போட்டுப் பார்க்கும்போது, ஓ என்று வரும், றிவேர்ஸில் ஏ குழியமும் பி குழியமும் திரளாது. அதை ஓ என்று எழுதிக் கொடுப்பவர் றிவேர்ஸ் குறூப்பிங் செய்யவில்லை, அல்லது செய்து பார்த்தும் யோசிக்கவில்லை. நான்காவதில் ஏ குழியமும் ஓ குழியமும் சம அளவு. அன்ரி-ஏ போட்டு மெல்லச் சரித்தால் சிறு திரள்களுக்கிடையே தனிக் குழியங்கள் புகைபோலக் கலங்கி ஓடும். ஆட்டி அடிப்பவரின் கண்ணுக்கு இது தெரியாது. ஓ இரத்தம் ஏற்றிய ஏ நோயாளியிடம் வருவதும் இதே தோற்றந்தான். ஐந்தாவதில் நெகற்றிவ் பிளாஸ்மாவுடன் ஐ.ஜி.ஜி. வகைப் பிறபொருளெதிரியான (அன்ரிபொடி) அன்ரி-டியை ஐதாகக் கலந்து, கூம்ஸ் கட்டத்தில் (குழியத்தில் ஒட்டிய பிறபொருளெதிரியைக் கூம்ஸ் சீரம் போட்டுப் பார்ப்பது) மட்டும் 1+, அதாவது மெல்லிய திரளல், வரும்படி வையுங்கள். ஆறாவதில் இரத்தம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் ரியூப்பில் உள்ள பி.எச்.ரி. (நோயாளியின் கட்டில் அட்டை) இலக்கமும் படிவத்தில் உள்ளதும் ஒரு இலக்கத்தால் வேறுபடட்டும். ரெஸ்ட் தொடங்க முன்னரே அதை ஒதுக்கி வைப்பவருக்குத்தான் முழுப் புள்ளி.

இந்த ஆறையும் பகல் பதினொரு மணிக்கு நான்கு பேர் சுற்றி நிற்கும்போது கொடுக்காதீர்கள். தனியே இரவு வேலை செய்பவருக்கு, அவருடைய இரவிலேயே கொடுங்கள்.

புள்ளி போடும்போது சராசரி பார்க்கவே கூடாது. ஏபிஓ பிழை, பொருந்தாத மாதிரியை ஏற்றது, கூம்ஸ் ரெஸ்ட்டைச் சரிபார்க்கப் போடும் கட்டுப்பாட்டுக் குழியம் வேலை செய்யாதபோதும் முடிவு கொடுத்தது ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும், மற்ற எல்லாம் சரியாயிருந்தாலும், மறுபயிற்சிதான். தொண்ணூற்றைந்து புள்ளியோடு ஒரு ஏ நோயாளிக்கு பி பை போனால் அந்தத் தொண்ணூற்றைந்தால் யாருக்கும் பயனில்லை.

மூன்றாவது பதிவேடு. ஒவ்வொருவருடைய கடைசி முப்பது பதிவுகளைப் பாருங்கள். 4+, 2+ என்று திரளலின் தரம் எழுதியிருக்கிறதா, அல்லது வெறும் "ஏ பொசிற்றிவ்" மட்டுமா? ஒரு இரவின் பன்னிரண்டு முடிவுகளும் ஒரே மையில், ஒரே சாய்வில், இடையில் நிறுத்தாமல் எழுதியதுபோல் இருந்தால், அவர் விடியும்போது நினைவிலிருந்து நிரப்பியிருக்கிறார் என்று சந்தேகிக்க வேண்டும்.

வெறும் கட்டங்களுக்குக் காரணத்தை ஆளைக் கண்டிக்க முன் தேடுங்கள். பல ஆய்வுகூடங்களில் காலையில் தயாரித்த ஏ, பி குழியக் கலவை மாலையில் முடிந்துவிடும், அல்லது மேசையில் இருந்து சிவந்து கரைந்துவிடும். இரவில் புதிதாகச் செய்ய ஒருவருக்கு நேரமில்லை. மாலை வேலைக்காரர் இரவுக்கென ஒரு தொகுதி செய்து குளிரில் வைக்க வேண்டும் என்று விதி போட்டாலே பாதிக் கட்டங்கள் நிரம்பும். மூன்று முறை கழுவிய, நன்கு பொதிந்த குழியம் 0.05 மி.லீ., சேலைன் 1 மி.லீ.; ஏறத்தாழ 5 வீதம் வரும். ஏ, பி, ஓ மூன்றும் வேண்டும். அதற்கு மேல் அடர்த்தியானால் வலிமை குன்றிய பிறபொருளெதிரி போதாமல் திரளல் மங்கும். ஐதானால் திரளே கண்ணுக்குப் படாது.

எத்தனை முறை என்றால், புதிதாக வந்தவருக்கு முதலாம் ஆண்டில் இருமுறை, பிறகு ஆண்டுக்கொருமுறை. அமெரிக்க ஆய்வுகூட விதிகளும் இதையே கேட்கின்றன. நீண்ட விடுமுறையில் போய்த் திரும்பியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளிப் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம். ஒட்டினால் அடுத்த முறை பிழையை மறைப்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

கேள்வி: கூம்ஸ் ரெஸ்ட் நெகற்றிவ் என்று வந்த ரியூப்பில் கட்டுப்பாட்டுக் குழியம் போட்டால் சில நாள் திரள்கிறது, சில நாள் இல்லை. திரளாத நாளில் முடிவை நெகற்றிவ் என்றே எழுதலாமா?
— எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்), கிளிநொச்சி

பதில்: எழுதவே கூடாது. அந்த ரியூப்புக்கு முடிவு இல்லை. புதிய ரியூப்பில் முதலிலிருந்து தொடங்குங்கள்.

கட்டுப்பாட்டுக் குழியத்தில் ஏற்கெனவே ஐ.ஜி.ஜி. ஒட்டியிருக்கிறது. ரியூப்பில் கூம்ஸ் சீரம் உயிரோடு இருந்தால் அது திரள வேண்டும். திரளாவிட்டால் கூம்ஸ் சீரம் போட மறந்திருக்கிறீர்கள், அல்லது போட்டது செயலிழந்துவிட்டது. அனேகமாக இரண்டாவதுதான் நடக்கும். அதற்குக் காரணம் கழுவல். குழியத்தோடு எஞ்சிய ஒரு துளி பிளாஸ்மாவில் உள்ள ஐ.ஜி.ஜி.யே கூம்ஸ் சீரத்தை முழுவதும் குடித்துவிடும்.

உங்கள் கையைக் கவனியுங்கள். சேலைனை ரியூப்பின் சுவரில் மெல்ல விடாமல் பீய்ச்சி விட வேண்டும், அடியில் பொத்தான்போல் படிந்த குழியம் உடைந்து கலங்க வேண்டும். முக்கால் ரியூப்புக்கு மேல் நிரப்புங்கள். இப்படி மூன்று அல்லது நான்கு முறை. கடைசிக் கழுவலில் ஒரே வீச்சில் கவிழ்த்து, ரியூப் கவிழ்ந்தபடியே இருக்கும்போது விளிம்பை உறிஞ்சுதாளில் தொட்டு எடுங்கள். கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்தால் குழியமும் போய்விடும், பிளாஸ்மாவும் நிற்கும். உடனே கூம்ஸ் சீரம் போடுங்கள். கழுவிய குழியத்தை வைத்துவிட்டுத் தொலைபேசிக்குப் போனால் ஒட்டியிருந்த பிறபொருளெதிரி கழன்றுவிடும். விரலால் ரியூப் வாயை மூடிக் குலுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. விரலில் உள்ள புரதமே கூம்ஸ் சீரத்தைக் கெடுக்கும்.

ரியூப்புக்குப் பதிலாக ஜெல் கார்ட் (ஜெல் நிரப்பிய சிறு குழாய்கள் உள்ள அட்டை) பயன்படுத்தினால் கழுவலும் இல்லை, இந்தக் கட்டுப்பாட்டுக் குழியமும் இல்லை. அங்கே பிழை வேறிடத்தில் வரும். கார்ட்டுக்கு 0.8 வீதக் கலவை வேண்டும். ரியூப்புக்கென வைத்த 5 வீதத்தைப் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: என் மனைவிக்கு இரத்தம் ஏற்ற முன் இரண்டு தரம் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். முதல் எடுத்ததைத் தொலைத்துவிட்டார்களோ?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பெரும்பாலும் தொலைந்திருக்காது. உங்கள் மனைவியின் பெயர் எழுதிய ரியூப்பில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் இரத்தம் போயிருந்தால், ஆய்வுகூடம் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ரெஸ்ட் சரியாக வரும், ஆள் மட்டும் பிழை. வேறொரு நேரத்தில் இரண்டாம் முறை எடுத்து, இரண்டின் குறூப்பும் ஒன்றா என்று பார்ப்பதுதான் அந்தப் பிழையைப் பிடிக்கும் வழி. தாதியர் "உங்கள் பெயர் என்ன?" என்று மறுபடி மறுபடி கேட்டால் பொறுமையாக முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

கேள்வி: பெயரில் ஒரு எழுத்து மாறியதற்காக மாதிரியைத் திருப்பி அனுப்புகிறார்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது மாறத்தானே செய்யும்?
— தாதிய உத்தியோகத்தர், வவுனியா

பதில்: மாறும். சிவராசா, சிவராஜா, இன்னொரு படிவத்தில் கடைசி எழுத்து இல்லாமல். தகப்பன் பெயர் முன்னால் ஒருவருக்கு, முதலெழுத்து மட்டும் இன்னொருவருக்கு. ஒரே வார்டில் கந்தையா சிவராசாவும் கணபதி சிவராசாவும் படுத்திருந்தால் இரண்டு பேரும் "க. சிவராசா". அதனால்தான் பெயரை மட்டும் நம்பாமல் பி.எச்.ரி. இலக்கமும் கேட்கிறார்கள். எழுத்து மாறியதைத் தொலைபேசியில் சரிசெய்து ரியூப்பில் திருத்தி எழுத ஆய்வுகூடத்தார் சம்மதித்தால், அவர்கள்தான் பிழை விடுகிறார்கள்.

செய்யக்கூடியது இது. அனுமதிக்கும்போதே பி.எச்.ரி.யில் எழுதிய எழுத்துக்கூட்டலை அப்படியே பார்த்து எழுதுங்கள், காதில் கேட்டதை எழுத வேண்டாம். ரியூப்பில் இரத்தம் எடுத்த பிறகு, கட்டிலருகிலேயே பெயரிடுங்கள். முன்கூட்டியே பெயர் எழுதி அடுக்கிக்கொண்டு போனால் மாறுவதற்கு ஒரு நொடி போதும். "நீங்கள்தானே சிவராசா?" என்று கேட்காதீர்கள். காய்ச்சலில் கிடப்பவர் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பார்.

கேள்வி: றிவேர்ஸ் குறூப்பிங்கில் ஏ, பி குழியம் போதாதா? ஓ குழியம் ஏன்?
— ஆய்வுகூடப் பயிலுநர், மன்னார்

பதில்: பொம்பே குறூப்புக்காக. 1952இல் பம்பாயில் முதலில் விவரிக்கப்பட்டது. மற்ற ஓ ஆட்களின் குழியத்தில் இருக்கும் எச் பிறபொருளே (அன்ரிஜனே) இவர்களின் குழியத்தில் இல்லை. அன்ரி-ஏ, அன்ரி-பி இரண்டும் திரட்டாது, அதனால் ஓ போலவே தெரியும். ஆனால் அவர்களின் பிளாஸ்மாவில் வலிய அன்ரி-எச் இருக்கிறது. ஓ குழியத்தைப் போட்டால் அதையும் திரட்டும். ஓ குழியம் போடாதவர் அவரை ஓ என்று அறிவிப்பார், குறொஸ்மட்ச்சில் ஒவ்வொரு ஓ பையும் பொருந்தாமல் போகும், அவசரத்தில் குறொஸ்மட்ச் இல்லாமல் கொடுத்தால் குருதி உடலுக்குள்ளேயே கரையும். அவருடைய குழியம் அன்ரி-எச் லெக்ரினோடு (எச் உள்ள குழியத்தைத் திரட்டும் தாவரப் புரதம்) திரளாவிட்டால் பொம்பே என்று பலமாகச் சந்தேகிக்கலாம். அவருக்குப் பொம்பே இரத்தம் மட்டுமே ஏற்றலாம். தெற்காசியாவில் மற்ற நாடுகளைவிட இது கூடுதலாகக் காணப்படுவதால் நமக்கு இது வெறும் புத்தகப் பாடமல்ல. உடன்பிறந்தவர்களையும் உடனே பரிசோதியுங்கள், அதே குறூப் அங்கே கிடைக்க வாய்ப்புண்டு.

ஓ குழியம் திரண்டதெல்லாம் பொம்பே என்றும் எழுதிவிடாதீர்கள். குளிர்ப் பிறபொருளெதிரியும் அப்படிக் காட்டும், வேறு பிறபொருளெதிரிகளும் காட்டும்.

கேள்வி: அறிவுப் பரீட்சையைத் தமிழில் வைக்கலாமா? வழிமுறை ஆவணம் எல்லாம் ஆங்கிலத்தில்.
— பயிற்றுநர், கிளிநொச்சி

பதில்: வையுங்கள். தெரிய வேண்டியது அவருடைய இரத்த வங்கி அறிவு, ஆங்கிலம் அல்ல. போத்தலிலும் கார்ட்டிலும் அச்சிட்ட சொற்களை மட்டும் அப்படியே விடுங்கள், அவற்றை அவர் அந்த வடிவிலேயே அடையாளம் காண வேண்டும்.

கேள்வி: ஏ9 வீதியால் மாங்குளம் வந்து ஒட்டுசுட்டான் வழியாகப் பைகள் கொண்டுபோகும்போது றெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிறையப் போட்டால் நல்லதுதானே?
— சாரதி, வவுனியா

பதில்: செங்குழியப் பைகளுக்கு ஐஸ் வேண்டும், ஆனால் பையைத் தொடக்கூடாது. ஐஸ் பொதிக்கும் பைக்கும் இடையே தடித்த மட்டை அல்லது துணி வையுங்கள். தொட்டால் அந்த மூலையில் செங்குழியம் உறைந்து உடையும், இறங்கிய பிறகு பையின் மேற்பகுதி செந்நிறமாகக் கலங்கியிருந்தால் அதுதான் காரணம். பயணத்தில் 2 முதல் 10 பாகைக்குள் நிற்க வேண்டும், ஒரு வெப்பமானியை உள்ளே போட்டுக் கொண்டுபோங்கள். பிளேட்லெட் பை வேறு பெட்டியில், ஐஸ் இல்லாமல், 20 முதல் 24 பாகையில். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் பின்னிருக்கையில் எந்தப் பெட்டியையும் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்க இறங்க வேண்டாம். ஒப்படைக்கும்போது வெப்பமானி காட்டியதையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.