இலையை மூட முடியாத பந்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி): ஒரு காலத்தில் உட்கார்ந்தால் 100 பக்கம் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இப்போது நான்காம் பக்கத்திலேயே கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது. மனிதனின் கவனம் 8 நொடியாகச் சுருங்கிவிட்டது, தங்கமீனுக்குக்கூட 9 நொடி இருக்கிறது என்று ஒரு செய்தியில் பார்த்தேன். என் மூளை பழுதாகிவிட்டதா?

பதில்: தங்கமீன் கணக்கை முதலில் தள்ளிவிடுங்கள், ஐயா. மைக்ரோசாஃப்டின் கனடா கிளை 2015இல் விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட ஓர் அறிக்கையிலிருந்து அது உலகெங்கும் பரவியது. அதன் மூலத்தைத் தேடிப்போன செய்தியாளர்களுக்கு அந்த எண்ணைத் தாங்கும் ஆய்வு எதுவும் அகப்படவில்லை. கவனச் சிதறலைப் பற்றிய செய்தியையே யாரும் கவனித்துப் படிக்கவில்லை என்பது வேடிக்கைதான்.

நம்பத்தகுந்த அளவீடு வேறொன்று இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலகப் பணியாளர்கள் ஒரு திரையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடைவெளியைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். 2004இல் அது சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது. 2012 வாக்கில் 75 நொடியானது. அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 47 நொடிக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் இது கவனிக்கும் திறனின் அளவு அன்று, தாவும் பழக்கத்தின் அளவு. அந்தப் பணியாளர்களே மாலையில் திரையரங்கில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கக்கூடும்.

தாவுவதற்கு ஒரு விலை உண்டு என்பதும் தெரிந்ததே. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறவரின் மனம் முழுவதுமாகக் கூடவே போவதில்லை, அதில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். நான்காம் பக்கத்தில் கைப்பேசியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நீங்கள், ஐந்தாம் பக்கத்தை அரை மனத்தோடுதான் படிக்கிறீர்கள். அதனால் அது சுவைக்கவில்லை. சுவைக்காததால் கை மறுபடியும் கைப்பேசிக்குப் போகிறது.

உங்கள் மூளை பழுதாகவில்லை. உங்கள் கையிலிருக்கும் கருவி, நிறுத்தும் இடம் இல்லாதபடி செய்யப்பட்டிருக்கிறது. நம் பந்தியில் இலையை மூடினால் பரிமாறுகிறவர் அடுத்தவரிடம் போய்விடுவார். போதும் என்று வாய்திறந்து சொல்லக்கூட வேண்டியதில்லை. புத்தகத்தில் அத்தியாயம் முடிகிறது, நாளிதழில் கடைசிப் பக்கம் வருகிறது, வானொலியில் நிகழ்ச்சி முடிந்து நேரம் சொல்கிறார்கள். அஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் 2006இல் உருவாக்கிய முடிவில்லாத் திரையுருட்டலில் பக்கத்தின் அடி என்பதே கிடையாது. விரல் நகர நகரக் கீழே புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். தாம் செய்தது குறித்துப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருந்தினார். மூட முடியாத இலையின் முன் உட்கார்ந்துவிட்டு, எனக்கு ஏன் பசி அடங்கவில்லை என்று கேட்பதில் பயனில்லை, ஐயா. படிக்கும் நேரத்தில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவி, சிவகாசி): பாடங்கள் எல்லாம் பிடிஎஃப் கோப்புகளாகக் கைப்பேசியில் இருக்கின்றன. அச்சுப் பிரதி எடுக்கச் செலவாகிறது. திரையில் படித்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: கதை படிப்பதென்றால் ஒன்றும் குறையாது. 1,70,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, கதைகளில் தாளுக்கும் திரைக்கும் வேறுபாடு இல்லை என்றும், தகவல் செறிந்த பாடங்களில் தாளில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்றும், நேரக் கெடு இருந்தபோது அந்த இடைவெளி மேலும் விரிந்தது என்றும் கண்டது. தகவல் செறிவு, நேரக் கெடு இரண்டும் உங்கள் தேர்வில் உண்டு. எல்லாவற்றையும் அச்சிட வேண்டாம்; திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கையால் குறிப்பெழுதுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, வேலூர்): எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு எச்சரிக்கை வந்தால், அதே செய்தி அன்றைக்கே அண்ணி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எனப் பலரிடமிருந்து வந்துவிடுகிறது. இத்தனை பேர் அனுப்பினால் அதில் கொஞ்சமாவது உண்மை இருக்காதா?

பதில்: இருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். அந்த இடத்தில்தான் வழுக்குகிறது, அம்மா. ஒரே கூற்றை மீண்டும் மீண்டும் கேட்டால் அது உண்மைபோல் தோன்றத் தொடங்கும் என்று அமெரிக்க உளவியலாளர்கள் 1977லேயே சோதனை செய்து காட்டினார்கள். அதற்குப் புதுச் சான்று தேவைப்படுவதில்லை, பழக்கமே சான்றாகிவிடுகிறது. முன்பு தெருவில் மூன்று பேர் ஒரே செய்தியைச் சொன்னால், மூவரும் தனித்தனியாகப் பார்த்தோ கேட்டோ சொல்லியிருக்க வாய்ப்புண்டு. இன்று உங்களுக்கு அனுப்பிய மூவரும் எதையும் பார்த்தவர்கள் அல்லர். ஒரே செய்தியின் மூன்று நகல்களைக் கைமாற்றியவர்கள், அவ்வளவுதான்.

உங்கள் மாவட்டத்துக்கு அருகிலேயே இதற்கு ஒரு கொடிய சான்று இருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வடமாநிலங்களிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வடதமிழகமெங்கும் சுற்றிக்கொண்டிருந்தது. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில் நின்று, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் ஓர் ஆணைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1 அன்று மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்தின் ரயின்பாடா கிராமத்தில் இதே ஐயத்தில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த மாதங்களில் இந்தியாவெங்கும் சுற்றிய காணொளிகளில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடத்திய நபர் குழந்தையைத் திருப்பிக் கொடுத்து அறிவிப்பு அட்டையைக் காட்டும் கடைசிக் காட்சியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்.

அத்திமூரில் அடித்தவர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தாம், பிள்ளைகளுக்காக அஞ்சியவர்கள்தாம் என்பதுதான் எனக்கு இன்றுவரை செரிக்காத செய்தி. அச்சம் உண்மையானது; அதை ஊட்டிய செய்தி பொய்யானது. அச்சத்துக்கும் கைக்கும் நடுவே யாரேனும் ஒருவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியிருந்தால் போதும்.

இவற்றுக்குப் பிறகு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுமைக்குமானது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரே சமயத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியபோது, அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. யாருடைய கருத்தையும் மாற்றவில்லை, எதையும் தணிக்கை செய்யவில்லை. அனுப்புவதைச் சற்றுச் சிரமமாக்கினார்கள், அவ்வளவே. இரட்டை அம்புக்குறியோடு பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது என்று வரும் செய்தியை நீங்களும் ஓர் இரவு வைத்திருந்து பாருங்கள். காலையில் அதை அனுப்ப வேண்டும் என்றே பெரும்பாலும் தோன்றாது.

கேள்வி (வாசகர், மாத்தளை, இலங்கை): எங்கள் ஊர்ப்பக்கம் 2018இல் நடந்ததைப் பார்த்தவன் நான். ஃபேஸ்புக்தான் கலவரத்தை உண்டாக்கியது என்கிறார்கள் சிலர். இனவாதம் இங்கே அதற்கு முன்பே இருந்தது, ஃபேஸ்புக் வெறும் கண்ணாடி என்கிறார்கள் வேறு சிலர். நீங்கள் எந்தப் பக்கம்?

பதில்: கண்ணாடி என்ற உவமையை என்னால் ஏற்க முடியவில்லை, கண்ணாடி எதையும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. ஆனால் 1915லும் 1983லும் கலவரம் நடந்த தீவில், பழி முழுவதையும் ஒரு செயலியின் மேல் போட்டுவிட்டு அரசியல்வாதிகளையும் காவல் துறையையும் விடுவித்துவிடவும் எனக்கு மனமில்லை.

மற்ற வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 பிப்ரவரி 26 இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறியில் கிடந்த மாவுக் கட்டியை மலடாக்கும் மாத்திரை என்று சொல்லி ஒரு கூட்டம் சூழ்ந்தது. உணவில் ஒரு மாத்திரையைக் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கிவிட முடியாது; அப்படியொரு மாத்திரை உலகத்தில் இல்லை. ஆயினும் சிங்களம் சரியாகத் தெரியாத காசாளர் மிரட்சியில் ஒப்புக்கொண்டதுபோல் பேசிய காணொளி ஃபேஸ்புக்கில் ஓடியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள ஓட்டுநர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து திகனவிலும் கண்டி மாவட்டத்தின் பிற ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6 அன்று அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. சமூக ஊடகங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது.

இதில் கருவியின் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியும். எந்தப் பதிவை யாருக்கு முதலில் காட்டுவது என்பதை முடிவு செய்யும் அல்காரிதத்துக்கு உண்மை, பொய் என்ற பேதம் தெரியாது. எது நம்மை நிறுத்தி வைக்கும், எது நம்மை எதிர்வினை செய்ய வைக்கும் என்பதே அதன் கணக்கு. 2017 முதல் ஃபேஸ்புக்கில் கோப முகக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு தரப்பட்டிருந்தது. கோபக்குறி பெறும் பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் மிகுதி என்று உள்ளேயே கண்டறிந்த பிறகு 2020இல் அதன் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொணர்ந்த உள்ளாவணங்களால் இது நமக்குத் தெரிய வந்தது. மன்னார்குடி ஆசிரியரின் கையைப் புத்தகத்திலிருந்து இழுத்த கணக்கும், அம்பாறைக் காணொளியை ஊர் ஊராகக் கொண்டுபோன கணக்கும் என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

எதிர்ச்சான்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கட்சிப் பகைமை மிக வேகமாக வளர்ந்தது இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்திய முதியவர்களிடையேதான் என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களுடைய பகைமையை ஃபேஸ்புக் ஊட்டியிருக்க முடியாது. அந்நாட்டின் 2018 தேர்தலுக்கு முன் ஓர் ஆய்வுக்காக நான்கு வாரங்கள் ஃபேஸ்புக்கை நிறுத்திவைத்தவர்களிடம் அரசியல் நிலைப்பாடுகளின் இறுக்கம் ஓரளவு தளர்ந்தது, மனநிறைவு சற்றுக் கூடியது. ஆனால் நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. செயலியை நீக்கினால் நாடு திருந்திவிடும் என்று எண்ணுகிறவர்கள் கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டுப் படிக்கிறார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்): எனக்குப் பிடிக்காத கட்சியினரின் பக்கங்களையும் பின்தொடர்ந்தால் என் பார்வை விரியுமா?

பதில்: விரியும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஒரு மாதம் எதிர்க்கட்சியினரின் ட்விட்டர் பதிவுகளைப் படிக்க வைத்த ஆய்வில், குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் முன்பைவிடத் தங்கள் நிலையில் இறுகிப்போனார்கள். எதிரணியில் உரக்கக் கத்துகிறவர்தாம் அங்கே முதலில் கண்ணில் படுவார். விடுதியில் மாற்றுக் கட்சிக்கார நண்பர் யாராவது இருந்தால், அவரோடு தேநீர் குடிக்கப் போங்கள்.

கேள்வி (ஒரு தாய், மெல்பர்ன்): 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 14 வயது மகன் கணக்கை இழந்துவிட்டுப் பெரியவர்களை மட்டும் ஏன் விட்டார்கள் என்று கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: நியாயமான கேள்வி. பொறுப்பைப் பிள்ளைகள் மேலோ பெற்றோர் மேலோ போடாமல், தவறினால் 4 கோடியே 95 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை தண்டம் என்று நிறுவனங்களின் மேல் போட்டிருப்பதால் அந்தச் சட்டத்தின் திசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 2016 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக்கில் பொய்ச்செய்தித் தளங்களின் இணைப்புகளை 65 வயதைத் தாண்டியவர்கள், 30 வயதுக்குட்பட்டவர்களைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு பகிர்ந்திருந்தார்கள். உங்கள் மகனிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஒரு படம் முதன்முதலில் எங்கே வெளியானது என்று இணையத்தில் தேடிப் பார்க்கும் வித்தையை ஊரில் இருக்கும் தாத்தாவுக்குத் தொலைபேசியில் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு அவனுக்குக் கணக்கு தேவையில்லை.