எரிசக்தி நிறுவனத்துக்குச் சொந்த டேட்டா சென்டர் தேவையா, கிளவுடே போதுமா?

எல்லாவற்றையும் கிளவுடுக்கு (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் பிறருடைய சர்வர்களுக்கு) மாற்றிவிட்டால் மின்சார, எண்ணெய் நிறுவனங்களுக்கு டேட்டா சென்டர் செலவு மிச்சமாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு சூரிய மின் நிலையத்தின் கண்காணிப்பு அறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பகுதியை மாற்றலாம், மறு பகுதியை மாற்றக் கூடாது, எதை என்பதைத் தரவின் அளவைக் கொண்டு அல்ல, அந்தத் தரவு எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

மின்பாதையில் பழுது ஏற்பட்டால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கும் கட்டளை மில்லிவிநாடிகளில் நடந்தாக வேண்டும் என்பதால் அது துணை மின்நிலையத்தை விட்டு வெளியே போவதே இல்லை. ஸ்காடா (இயந்திரங்களைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பு) அளவீடுகள் சில விநாடிகளுக்கு ஒருமுறை கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகின்றன; உற்பத்தி அட்டவணையோ 15 நிமிடத்துக்கு ஒன்றாக நாளுக்கு 96 பகுதிகள் கொண்டது. ஸ்மார்ட் மீட்டர் தரவு பெருகிக்கொண்டே போகும் (கால் மணிக்கு ஒரு பதிவு என்றால் 1 லட்சம் மீட்டருக்கு நாளொன்றுக்கு 96 லட்சம் வரிகள்), ஆனால் அது ஒரு நாள் தாமதமானாலும் குடி முழுகிவிடாது. அதைத் தாராளமாகக் கிளவுடில் வைக்கலாம். எண்ணெய் தேடும் நிறுவனங்களின் கதையே வேறு: நிலத்தடி அதிர்வலைகளைப் படமாக்க அவற்றுக்கு மீக்கணினியே (சூப்பர் கம்ப்யூட்டர்) தேவைப்படுகிறது. இத்தாலியின் எனி எண்ணெய் நிறுவனத்துடைய எச்பிசி6 இயந்திரம் 2024 நவம்பரில் வெளியான உலக மீக்கணினித் தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்தது.

எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். ஒன்று போனால் மற்றொன்று இருக்கும் என்ற கணக்கில் இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்தோம். மாங்கூழ் ஆலைகள் மும்முரமாக ஓடும் ஒரு ஜூன் மாதத்தில், சாலைப் பணிக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி ஒரே வாரலில் இரண்டையும் அறுத்துவிட்டது. இரண்டும் ஒரே குழியில் பக்கம் பக்கமாகப் போயிருந்தன என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கட்டுப்பாட்டுச் சர்வர் எங்கள் அறையிலேயே இருந்ததால் உற்பத்தி நிற்கவில்லை. நானும் உடன் பணியாற்றுபவரும் திரையில் தெரிந்த மெகாவாட் எண்ணைக் கால் மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதி, மாலை வரை கட்டுப்பாட்டு மையத்துக்குத் தொலைபேசியில் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சர்வரும் தொலைவில் இருந்திருந்தால் படித்துச் சொல்ல எண்ணே இருந்திருக்காது.

மற்ற தொழில்களுக்கு இல்லாத ஒரு நெருக்கடி இத்துறைக்கு உண்டு. மின்சாரம் போனால் பிறர் கடையை மூடிவிட்டுப் போகலாம். எங்களுக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின் தொகுப்பு (கிரிட்) சரிந்ததுபோல் ஒன்று நடந்தால், இருண்டு கிடக்கும் தொகுப்பைப் படிப்படியாக உயிர்ப்பிக்க வேண்டிய கட்டுப்பாட்டு மையங்கள், அதே தொகுப்பின் மின்சாரத்தை நம்பி இருக்க முடியாது. ஆகவே பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் இங்கே பெயருக்கு வைக்கும் பொருள்கள் அல்ல. (பகலில் மெகாவாட் கணக்கில் விற்கும் நாங்கள், இரவில் சர்வர் அறையின் ஏசிக்கு மின்சாரம் விலைக்கு வாங்குகிறோம் என்பது வேறு விஷயம்.)

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அலுவலகக் கணினிகளும் இயந்திரங்களை ஆளும் வலையமைப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் உக்ரைனின் மின் விநியோக நிறுவனங்களுக்குள் அலுவலக மின்னஞ்சல் வழியாக நுழைந்தவர்கள், அங்கிருந்தே பிரேக்கர்கள் வரை போய்ச் சேர்ந்தார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தில் தாக்கப்பட்டவை அலுவலகக் கணினிகள்தான் என்றாலும், முன்னெச்சரிக்கையாக எரிபொருள் குழாயையே நிறுத்த வேண்டியதாயிற்று.

எனவே உங்கள் நிறுவனம் ஓசூரிலோ பெங்களூரிலோ டேட்டா சென்டருக்கு இடம் பார்ப்பதற்கு முன்பு, இரண்டு ஃபைபர்களும் எந்தெந்தச் சாலை வழியாக வருகின்றன என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அதைத் தர ஃபைபர் நிறுவனத்தார் ஏழு மாதம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒன்று ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் மற்றொன்று தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் வருகிறது.