நம்ப மறுப்பது தவறா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

2019 ஏப்ரலில் இலங்கையின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த உயிர்த்த ஞாயிறு தற்கொலைக் குண்டுத் தாக்குதல்கள் தொடர்பாக வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அரசாங்கம் சொல்வதையும் ஊடகங்கள் எழுதுவதையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 2019 ஏப்ரல் 21 அன்று எங்கள் கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் நடந்ததைப் பற்றி எந்த அரசாங்கம் எதைச் சொன்னாலும் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. இப்படி நம்பாமல் இருப்பது தவறா?
– வாசகர், நீர்கொழும்பு

பதில்: தவறில்லை. அடுத்தடுத்து வந்த அதிகாரபூர்வக் கூற்றுகளே அந்த அவநம்பிக்கையை வளர்த்தன. ஆனால் அந்தக் கூற்றுகள் எல்லாவற்றையும் ஒரே விதமாக எடைபோட முடியாது என்று கருதுகிறேன்.

உயிரிழந்தோர் எண்ணிக்கை முதலில் 359 என்று சொல்லப்பட்டு, ஏப்ரல் 25 அன்று ஏறத்தாழ 253 என்று குறைக்கப்பட்டது. நூறு உயிர்கள் எப்படிக் குறையும் என்று அன்று பலர் கொதித்தார்கள். மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து, உடல்கள் அடையாளம் காண முடியாதபடி சிதைந்து கிடந்த நிலையில், ஒருவரையே இருமுறை எண்ணிவிடுவது நேரக்கூடிய பிழைதான். அதைத் தாமாகவே திருத்தி, காரணத்தையும் சொன்ன சுகாதாரத் துறையினரை நான் குறை கூறமாட்டேன்.

பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவன் விஜேவர்தன ஏப்ரல் 23 அன்று பாராளுமன்றத்தில் சொன்னது வேறு வகையைச் சேர்ந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் மார்ச் 15 அன்று நடந்த படுகொலைக்குப் பழிவாங்கவே இத்தாக்குதல் நடத்தப்பட்டதாக ஆரம்பகட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது என்றார் அவர். அப்படியொரு புலனாய்வுத் தகவல் தங்களிடம் இல்லை என்று நியூசிலாந்துப் பிரதமரின் அலுவலகம் கூறியது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் குழுவினர் சேர்த்து வைத்திருந்த வெடிபொருட்கள் புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லுவில் ஜனவரி மாதமே, அதாவது கிறைஸ்ட்சேர்ச் சம்பவத்துக்கு இரண்டு மாதங்கள் முன்பே, பொலிஸாரின் கையில் சிக்கியிருந்தன என்பதை நினைவில் கொண்டால், அந்த அறிவிப்பு எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும். ஓர் ஊகத்தை விசாரணை முடிவாக அறிவிப்பதை எண்ணிக்கைப் பிழையோடு சேர்த்துப் பேச முடியாது.

இவை இரண்டையும் விடப் பாரதூரமானது எச்சரிக்கை பற்றிய விவகாரம். இந்தியாவிலிருந்து வந்த தகவல் ஏப்ரல் 4 அன்றே அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்துவிட்டது. ஏப்ரல் 9 அன்று தேசிய புலனாய்வுப் பிரதானி சிசிர மெண்டிஸ் அதைப் பொலிஸ்மா அதிபருக்கு எழுதி அனுப்பினார். ஏப்ரல் 11 அன்று பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவர், சஹ்ரானின் பெயரையும் கத்தோலிக்கத் தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதையும் குறிப்பிட்டு, பிரமுகர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் பிரிவுகளுக்குக் கடிதம் அனுப்பினார். தாக்குதலுக்குப் பின் அந்தக் கடிதத்தை ஓர் அமைச்சரே பகிரங்கப்படுத்தியபோதுதான் நாடு அதைப் பார்த்தது. பிரமுகர்களைக் காப்பவர்களுக்கு எட்டிய செய்தி, பாஸ்கா ஞாயிறு திருப்பலிக்குப் பிள்ளைகளுடன் போன உங்கள் ஊர் மக்களுக்கு எட்டவில்லை. இதைக் கண்கூடாகக் கண்ட ஊர் அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளை நம்பாததில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோவையும் முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவையும் 2022 பெப்ரவரியில் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கொண்ட குழாம், மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாவும், பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவர் நிலந்த ஜயவர்தனவும் தலா 75 மில்லியனும், ஹேமசிறி பெர்னாண்டோ 50 மில்லியனும், சிசிர மெண்டிஸ் 10 மில்லியனும் நட்டஈடாகச் செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒரு நீதிமன்றம் விடுவித்தவர்களை இன்னொன்று எப்படிப் பொறுப்பாளியாக்கியது என்று குழம்புகிறவர்கள் உண்டு. முன்னது குற்றவியல் வழக்கு. பின்னது, குடிமகன் தன் உரிமை மீறப்பட்டதாக அரசின் மீது தொடுக்கும் மனு. எச்சரிக்கை கிடைத்தும் செயற்படவில்லை என்பது இந்தத் தீர்ப்புக்குப் பின் சந்தேகமாகப் பேசப்பட வேண்டிய விடயமில்லை. அது நிறுவப்பட்ட உண்மை. எதையும் நம்புவதில்லை என்று சொல்லும்போது இந்த உண்மையையும் சேர்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். பொறுப்பாளிகளுக்கு அதைவிட வசதியானது வேறொன்றும் இல்லை.

கேள்வி: தாக்குதலுக்குப் பிறகு தொலைக்காட்சியைப் போடவே எங்கள் வீட்டில் பயந்தோம். எங்கள் முஸ்லிம் சமூகத்தைப் பற்றி வந்த செய்திகளில் எது உண்மை, எது பொய் என்று எவரும் பின்னர் திருத்திச் சொல்லவில்லையே?
– வாசகி, அக்குறணை

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது, ஊடகத் துறையில் இருப்பவர்கள் வெட்கப்பட வேண்டிய கேள்வி. தேடுதல்களில் அகப்பட்ட கத்திகளும் வாள்களும் ஆயுதக் களஞ்சியம்போல் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டன. தர்மச்சக்கரம் பொறித்த ஆடை அணிந்ததாகச் சொல்லிக் ஹசலகவில் ஒரு பெண்ணைக் கைது செய்து வாரக்கணக்கில் விளக்கமறியலில் வைத்தார்கள். அவருடைய ஆடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். ஏப்ரல் 25 அன்று பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களில் ஒன்று, இத்தாக்குதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண்ணுடையது. பொலிஸார் அதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் அந்தப் படம் உலகம் முழுவதும் போய்விட்டது.

மே 13ஆம் திகதியை ஒட்டிக் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, வடமேல் மாகாணத்தில் ஊர்கள் எரிந்துகொண்டிருந்த நிலை தணிவதற்குள், மே 23 அன்று ஒரு சிங்கள நாளிதழ் தன் முதற்பக்கத்தில், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டதாக எழுதியது. அடுத்த நாளே குருநாகலைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் கைதானார். அக்குற்றச்சாட்டுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. பின்னர் அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டு, நிலுவைச் சம்பளமும் பெற்றார். குற்றச்சாட்டு எந்த எழுத்தளவில் அச்சானதோ அதே அளவில் அவர் விடுவிக்கப்பட்ட செய்தி அச்சாகவில்லை.

இதற்கு வெறுப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பயங்கரவாதச் செய்தியில் நிருபருக்குக் கிடைக்கும் மூலம் பெரும்பாலும் பொலிஸ் பேச்சாளரும் பெயர் சொல்ல விரும்பாத அதிகாரியும்தான். சம்பவ இடத்துக்குப் போக முடியாது, சந்தேகநபருடன் பேச முடியாது, ஆவணத்தைப் பார்க்க முடியாது. அதனால் "பொலிஸார் தெரிவித்தனர்" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் தம் கடமை முடிந்ததாகச் செய்தி ஆசிரியர்கள் எண்ணிவிடுகிறார்கள். கைதுச் செய்தியை வெளியிட்ட ஊடகம் அந்த வழக்கு முடியும்வரை அதைப் பின்தொடர வேண்டும், முடிவை அதே இடத்தில் வெளியிட வேண்டும் என்பதை நாம் வாசகர்களாக வற்புறுத்தாதவரை இந்த வழக்கம் மாறாது.

கேள்வி: வவுணதீவுப் பொலிஸார் கொலையை ஏன் எவரும் பேசுவதில்லை?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: பேசத்தான் வேண்டும், எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகவும் வேதனை தருவது இதுதான். 2018 நவம்பர் 30 அன்று, மாவீரர் நாள் முடிந்த மூன்றாம் நாள், வவுணதீவு வீதிச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் உடனே முன்னாள் விடுதலைப் புலிகளின் பக்கம் திரும்பியது. முன்னாள் போராளி ஒருவர் கைது செய்யப்பட்டு, மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் நடந்த விசாரணையில்தான் அக்கொலைகளைச் செய்தவர்கள் சஹ்ரானின் ஆட்கள் என்பது வெளிவந்தது. 2019 மே மாதத்தில் அந்த முன்னாள் போராளி விடுதலையானார்.

ஒரு குற்றமற்ற மனிதருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் இழைக்கப்பட்ட அநீதி ஒருபுறம் இருக்கட்டும். நம்புவதற்கு எளிதாக இருந்த ஒரு பழைய எதிரியைக் காட்டியதும் விசாரணை அங்கேயே நின்றுபோக, உண்மையான கொலைகாரர்கள் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் எவருடைய கண்ணிலும் படாமல் குண்டு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து வந்த பிள்ளைகள் உயிரிழந்ததற்கும், வவுணதீவில் சொல்லப்பட்ட பிழையான கதைக்கும் இடையில் உள்ள தொடர்பை இந்த நாட்டின் தமிழ் ஊடகங்கள்கூடப் போதுமான அளவு எழுதவில்லை. தவறான அதிகாரபூர்வக் கதைக்குச் சந்தேகநபர் மட்டும் விலை கொடுப்பதில்லை.

கேள்வி: தாக்குதல் நடந்தவுடன் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது சரியா?
– வாசகர், வவுனியா

பதில்: சரியென்று நான் நினைக்கவில்லை. வதந்தியைத் தடுப்பதாகச் சொல்லி முடக்கினார்கள். உறவினரைத் தேடியவர்களுக்குத்தான் அது பெரும் இடைஞ்சலாயிற்று. வதந்தி பரப்பியவர்கள் வேறு வழிகளில் உள்ளே வந்துவிட்டார்கள். மே மாத வன்முறையின்போது இரண்டாவது முறையும் முடக்கினார்கள். வன்முறை நடந்துதான் தீர்ந்தது.

கேள்வி: சனல் 4 வெளியிட்ட ஆவணப்படத்தைப் பார்த்த பின், கோட்டாபய ராஜபக்ஷவைத் தேர்தலில் வெல்ல வைக்கவே இது நடத்தப்பட்டது என்பது உறுதியாகிவிட்டது என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் ஏன் அப்படி எழுதுவதில்லை?
– வாசகர், டொரன்டோ

பதில்: உறுதியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன், காரணத்தை விளக்குகிறேன். 2023 செப்டெம்பரில் ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சியில், பிள்ளையான் எனப்படும் கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தனிடம் முன்னர் பணியாற்றிய அசாத் மௌலானா, 2018இல் இராணுவப் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சலேக்கும் சஹ்ரான் குழுவினருக்கும் இடையே ஒரு சந்திப்பைத் தாம் ஏற்பாடு செய்ததாகக் கூறினார். சலே அதை மறுத்து, அக்காலத்தில் தாம் மலேசியாவில் பணியில் இருந்ததாகச் சொன்னார். கோட்டாபய ராஜபக்ஷவும் தம்மீதான குற்றச்சாட்டை மறுத்தார்.

உங்கள் நண்பர்களின் சந்தேகத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லவில்லை. தாக்குதல் நடந்த ஒரு வாரத்துக்குள் தாம் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிடப்போவதைக் கோட்டாபய ராஜபக்ஷ உறுதிப்படுத்தினார், தேசியப் பாதுகாப்பே அவருடைய பிரசாரத்தின் அடிநாதமாயிற்று, நவம்பரில் வென்றார், வென்றவுடன் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்த ஷானி அபேசேகர இடமாற்றப்பட்டு, பின்னர் கைதும் செய்யப்பட்டார். விசாரித்தவர்களை அகற்றும் அரசாங்கம் சந்தேகத்தைத் தானே விலைகொடுத்து வாங்குகிறது.

ஆயினும், யாருக்கு இலாபம் என்ற கேள்வி விசாரணையைத் தொடங்கி வைக்க மட்டுமே உதவும். ஒரு சாட்சியின் கூற்று, அவரிடம் குறுக்கு விசாரணை நடத்தப்பட்டு, பயணப் பதிவுகளோடும் தொலைபேசிப் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட பிறகுதான் சான்றாகும். இந்த அளவுகோலை 2021 ஏப்ரலில் அமைச்சர் சரத் வீரசேகர தடுப்புக்காவலில் இருந்த நௌபர் மௌலவியே தாக்குதலின் சூத்திரதாரி என்று அறிவித்தபோதும் நாம் வைத்தோம். நமக்குப் பிடிக்காதவர்களைப் பற்றிய குற்றச்சாட்டு என்பதால் அதைத் தளர்த்தினால், வவுணதீவில் விசாரணையாளர்கள் செய்ததையே நாமும் செய்கிறவர்களாவோம்.

கேள்வி: அரசின் சொல்லை மக்கள் நம்பாதது இலங்கையில் மட்டும்தானா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: இல்லை. 2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மட்ரிட் நகரில் நான்கு புறநகர் ரயில்களில் பத்துக் குண்டுகள் வெடித்து 191 பேர் உயிரிழந்தார்கள். மூன்று நாட்களில் பொதுத் தேர்தல். பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டாதான் இதைச் செய்தது என்று அஸ்னார் அரசாங்கம் உறுதியாக அறிவித்தது; பிரதமரே பத்திரிகை ஆசிரியர்களுக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னார்; ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தீர்மானத்திலேயே எட்டாவின் பெயர் இடம்பெற்றது. விசாரணையோ வெடிக்காத ஒரு பையிலிருந்த கைத்தொலைபேசியின் வழியாக இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்றை நோக்கிச் சென்றது. தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது.

அதற்குப் பின் நடந்ததை நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உண்மை தெரிந்த பின்னரும் எல் முந்தோ என்ற பெரிய நாளிதழ் உட்படச் சில ஊடகங்கள் எட்டாவுக்குத் தொடர்பிருக்கலாம் என்ற ஐயத்தை ஆண்டுக்கணக்கில் எழுப்பிக்கொண்டே இருந்தன. பிள்ளைகளை இழந்த பெற்றோர் அதையும் தாங்க வேண்டியிருந்தது. 2007இல் பகிரங்கமாக, தொலைக்காட்சியில் எவரும் பார்க்கும்படி வழக்கு நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பு 28 பேரில் 21 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு, 7 பேரை விடுவித்தது. எட்டாவின் தொடர்புக்குச் சான்றில்லை என்றும் கண்டது. அதற்குப் பிறகும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சந்தேகம் கொண்டவர் தாமே படித்துப் பார்க்க, காரணங்களோடு எழுதப்பட்ட ஒரு தீர்ப்பு அங்கே இருக்கிறது.

கேள்வி: சாய்ந்தமருதில் இறந்தவர்களில் கட்டுவாப்பிட்டித் தற்கொலைதாரியின் மனைவி இருந்தாரா என்பதற்கு மூன்று மரபணுப் பரிசோதனைகள் நடந்தன. முதல் இரண்டும் இல்லை என்றன. மூன்றாவது ஆம் என்றது. மூன்றாவதை மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்?
– வாசகி, கல்முனை

பதில்: காரணம் சொல்லப்படாமல் நம்ப வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 26 இரவு, சஹ்ரானின் உறவினர்கள் பதுங்கியிருந்த சாய்ந்தமருது வீட்டில் நடந்த வெடிப்புகளில் சிறுவர்களும் இறந்தார்கள். உடல்கள் கலந்து சிதைந்திருந்தன. ஆகவே முதலில் எடுத்த மாதிரிகளில் அவருடைய எச்சம் சேராமல் போயிருக்கக்கூடும். 2022இல் மீண்டும் தோண்டியெடுத்த எச்சங்களில் அது கிடைத்திருப்பதும் அறிவியல்படி சாத்தியமே. 2023 மார்ச்சில் பொலிஸார் முடிவை அறிவித்தபோது இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கியிருந்தால், அவர் இந்தியாவுக்குத் தப்பிவிட்டார் என்ற பேச்சு இத்தனை காலம் நீடித்திருக்காது.

எந்த எலும்பிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது, யாருடைய மரபணுவோடு ஒப்பிடப்பட்டது, முதல் இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்பவற்றை விளக்கும் அறிக்கையை மூன்று மொழிகளிலும் வெளியிடும்படி நீங்கள் கேட்கலாம். 2021இல் கையளிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு அறிக்கையின் சில தொகுதிகள் மறைத்து வைக்கப்பட்டபோது கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகையும் கத்தோலிக்க மக்களும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த அறிக்கை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நம் நாட்டில் இருக்கிறது. தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி உங்கள் விண்ணப்பத்தை மறுக்கக்கூடும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு, முதலில் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் மறுத்தால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதியொன்றை எமக்கும் அனுப்பினால் இப்பகுதியில் வெளியிடுவோம்.