அந்த 66 எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. போன வாரம் ஒரே கணக்கு அதில் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டது. 1 முதல் 1000 வரை உள்ள எண்களில் 3ஆல் வகுபடுபவற்றையும் 5ஆல் வகுபடுபவற்றையும் நீக்கிவிட்டால் மிச்சம் எத்தனை? எனக்கு 467 வருகிறது. விடைக்குறிப்பு 533 என்கிறது. எத்தனை முறை போட்டாலும் 467தான். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் தோற்றுப்போன மாதிரி இருக்கிறது. விளக்கத்தைப் பார்த்தால் காப்பியடித்த மாதிரி இருக்கிறது. ஒரு கணக்கோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டலாம்? இத்தனை நிமிடம் என்று ஒரு எண் சொன்னால்கூடப் போதும்.

எம்.

அன்புள்ள எம்.,

15 நிமிடம் என்று சொல்லிவிட்டு நானும் என் வேலையைப் பார்க்கப் போகலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. எனக்குத்தான் அது ஒத்துவரவில்லை. அலாரம் வைத்தால் கணக்கை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான்.

நான் பார்ப்பது ரஃப் தாளை. கடைசி ஐந்து நிமிடத்தில் அதில் புதிதாக ஏதாவது விழுந்திருக்கிறதா? ஒரு கோணல்மாணலான படம், ஒரு சின்ன உதாரணம், 'இந்த வழியில் போனால் வராது' என்று தெரிந்துகொண்டு அடித்துவிட்ட நாலு வரி, எதுவானாலும் சரி. விழுந்துகொண்டிருக்கிறது என்றால் ஒரு மணி நேரம் ஆனாலும் உட்காரலாம். அதே வரியை மூன்றாவது முறையாக, போன தடவையைவிட அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் யோசிப்பது எப்போதோ நின்றுவிட்டது, கை மட்டும் ஓடுகிறது. எழுந்துவிட வேண்டிய நேரம் அதுதான்.

உங்கள் கணக்கையே பாருங்கள். 3இன் மடங்குகள் 333, 5இன் மடங்குகள் 200. இரண்டையும் 1000இல் கழித்தால் 467. கழித்தல் கச்சிதமாக இருக்கிறது, நூறு தடவை கழித்தாலும் அதுதான் வரும். பிழை இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் பிழை தேடியிருக்கிறீர்கள்.

இப்போது 1000ஐ மறந்துவிட்டு 15 வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம்: 1, 2, 4, 7, 8, 11, 13, 14. மொத்தம் 8. உங்கள் வழியில் போட்டால்? 3இன் மடங்குகள் 5, 5இன் மடங்குகள் 3, இரண்டும் போக மிச்சம் 7. ஒன்று இடிக்கிறது. அந்த ஒன்று, 15தான். அது 3இன் வரிசையிலும் நிற்கிறது, 5இன் வரிசையிலும் நிற்கிறது. ஒரே ஆளை இரண்டு தடவை வெளியே அனுப்பிவிட்டோம். 1000 வரை 15இன் மடங்குகள் 66 இருக்கின்றன. அதைத் திருப்பிச் சேர்த்தால் 533.

பெரிய கணக்கு மசியாவிட்டால் அதே சாயலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார் என்பது கணிதவியலாளர் ஜார்ஜ் போலியா 1945லேயே அழுத்திச் சொன்ன யோசனை. எந்தக் கணக்கையும் கைவிடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவையாவது செய்துவிடுவது என் வழக்கம். பாதிக் கணக்குகள் அங்கேயே வழிக்கு வந்துவிடும்.

இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள். ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட ஜாடிக் கணக்குகள் இதற்காகவே செய்தவை போலிருக்கும். 21, 127, 3 என்று அளவுள்ள மூன்று ஜாடிகள், சரியாக 100 அளவு தண்ணீர் வேண்டும். 127ஐ நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடியால் ஒரு முறையும் கடைசி ஜாடியால் இரண்டு முறையும் எடுத்துவிட்டால் 100. இதே வழியில் முடியும் கணக்குகளாகச் சிலவற்றைப் போடவைத்துவிட்டு, 23, 49, 3 என்று ஜாடிகளைக் கொடுத்து 20 கேட்டார். 23ஐ நிரப்பி 3ஐ எடுத்தால் வேலை முடிந்தது. பழகிப்போனவர்களில் பெரும்பாலோர் 49ஐ நிரப்பி, சுற்றுவழியில் போய் 20ஐப் பிடித்தார்கள். அதிலும் விடை வந்துவிடுகிறது, அதனால் பரவாயில்லை. அப்புறம்தான் வேடிக்கை. 28, 76, 3 ஜாடிகளில் 25 வேண்டும் என்று ஒரு கணக்கு. பழைய வழி இங்கே செல்லாது, 42 வரும். 28இல் 3 போனால் 25 என்பது பலருக்குக் கண்ணில் படவே இல்லை. முன்கணக்குகள் எதையும் போடாமல் நேராக இதற்கு வந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகவும் இல்லை.

உங்களுக்கு நடந்ததும் இதுதான். முதல் பத்து நிமிடத்தில் விழுந்த தடத்திலேயே வண்டி இரண்டு மணி நேரம் ஓடியிருக்கிறது. தடம் கொஞ்சம் அழியட்டும் என்றுதான் கணக்கை விட்டு எழுந்திருக்கச் சொல்கிறேன்.

விட்டுப் போகும்போது 'வரவில்லை' என்று மட்டும் குறித்துவைக்காதீர்கள். மறுநாள் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எங்கே நிற்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்: '467 வருகிறது, 66 குறைகிறது, 66 எதனுடைய எண்ணிக்கை?' அந்த வரியை எழுதும்போதே விடை தட்டுப்பட்ட நாட்கள் எனக்கு உண்டு. இல்லாவிட்டாலும் சரி, மறுநாள் வெள்ளைத் தாளில் முதலிலிருந்து தொடங்குங்கள். பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, அது மறுபடி பழைய தடத்துக்கே இழுக்கும்.

அன்றும் வரவில்லையா, விளக்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஓர் அட்டையால் மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்குங்கள். பல சமயம் முதல் வரியே போதும், மீதியை நீங்களே போட்டுவிடுவீர்கள். முழுக்கப் பார்க்க வேண்டிவந்தால் பார்த்து முடித்து, புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி போடுங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. படித்ததும் 'ஓ, இவ்வளவுதானா' என்று டிக் போட்டுவிட்டு நகர்வதைத்தான் நான் காப்பி என்பேன். மூடிவிட்டுத் திரும்பப் போடுகிறவருக்கு அந்தக் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

இன்னொன்று. இப்படி மல்லுக்கட்டுவதெல்லாம் தெரிந்த விஷயத்தில்தான். ஒரு ஃபார்முலா மறந்துபோயிருக்கிறது, ஒரு சொல்லுக்குப் பொருளே தெரியவில்லை என்றால் உட்கார்ந்து யோசித்து எதைக் கண்டுபிடிப்பது? இரண்டு நிமிடத்தில் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள். பாடமே புதிது என்றாலும் அப்படித்தான். ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985இல் அல்ஜீப்ராவை வைத்துச் செய்த சோதனைகளில், போட்டுக் காட்டிய கணக்குகளைப் பார்த்துப் படித்தவர்கள், எல்லாவற்றையும் தாங்களே போட்டுப் பழகியவர்களைவிடக் குறைந்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். பின்னால் அதே மாதிரிக் கணக்குகளை வேகமாகவும் போட்டார்கள். வேறு மாதிரிக் கணக்குகளில் அந்தச் சலுகை தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே தொடக்கத்தில் பார்த்துப் படிப்பதில் தப்பில்லை, கடைசிவரை பார்த்துக்கொண்டே இருப்பதுதான் சிக்கல்.

மாதிரித் தேர்வில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 60 கேள்விக்கு 60 நிமிடம் என்றால், ஒன்றில் 7 நிமிடம் உட்கார்ந்தவர் வேறு ஆறு கேள்விகளை விற்று அதை வாங்குகிறார். அங்கே ஸ்டார் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

சொந்தக் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒரு முக்கோணக் கணக்கோடு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒரு நண்பர் வந்து, புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "17, 8, 11ன்னு போட்டிருக்கான், இப்படி ஒரு செங்கோண முக்கோணமே கிடையாதே" என்றார். 15 என்பது 11 என்று அச்சாகியிருந்தது. காலையிலிருந்து அந்த மூன்று எண்களையும் குறைந்தது ஐம்பது தடவை எழுதியிருப்பேன். ஒரு தடவைகூட 8க்கும் 11க்கும் வர்க்கம் போட்டுக் கூட்டிப் பார்க்கவில்லை. விடைக்குறிப்பை மட்டும் விடாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரத்து ரஃப் தாளை இன்னும் கிழித்துப்போடாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். புதிதாக ஏதோ எழுதிய கடைசி வரி எது, அது தோராயமாக எத்தனையாவது நிமிடம்? நீங்கள் கேட்ட எண் அந்தத் தாளில்தான் இருக்கிறது. என்ன வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.