ஐஸ்கிரீம் மேல பழி போட்டது போதும்ங்க

கேள்வி: டாக்டரம்மா, நாங்க சேலம் சூரமங்கலம். பொண்ணுக்கு 7 வயசு, ரெண்டாவது படிக்கிறா. மே மாசம் ஏற்காடு கோடை விழாவுக்கு கூட்டிட்டு போனோம், திரும்பி வந்த மூணாம் நாள் தொண்டை வலி, காய்ச்சல். அதுக்கப்புறம் இன்னும் மூணு தடவை வந்துடுச்சு. மலைக்குளிரும் அங்க வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமும்தான் காரணம்னு எங்க அத்தை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க. ஒவ்வொரு தடவையும் பக்கத்து மெடிக்கல்ல மூணு நாள் மாத்திரை வாங்குவோம், ரெண்டாம் நாளே காய்ச்சல் விட்டுடும், மிச்சத்த அடுத்த தடவைக்கு ஆகும்னு எடுத்து வெச்சிடுவேன். இப்ப ஒருத்தங்க இது இதயத்துக்குப் போயிடும்னு சொல்லிட்டாங்க, எனக்கு தூக்கமே இல்ல. எங்க பொண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி? டான்சில எடுத்துடலாமா?

பதில்: முதல்ல அந்த "எங்க பொண்ணுக்கு மட்டும்"ங்கிறத விடுங்கம்மா. ஸ்கூல் போற புள்ளைக்கு வருசத்துக்கு ஆறு ஏழு தடவை சளி, தொண்டை வலி வர்றது உலகம் பூரா நடக்குறதுதான், லண்டன் புள்ளைக்கும் அப்படித்தான் நம்ம செவ்வாய்ப்பேட்டை புள்ளைக்கும் அப்படித்தான். அதுல பாதிக்கு மேல வைரஸ், அதுவா வந்து அதுவா போயிடும். மிச்சத்துல பெரிய பங்கு ஸ்ட்ரெப்னு ஒரு பாக்டீரியாவோடது, முழுப்பேரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ். 2005-ல வந்த ஒரு உலகக் கணக்குப்படி இந்த ஒரு கிருமியால வர்ற தொண்டைப் புண்ணு மட்டும் வருசத்துக்கு 61 கோடியே 60 லட்சம். அஞ்சு வயசுல இருந்து பதினஞ்சு வரைக்கும்தான் இதுக்கு ரொம்பப் பிடிச்ச வயசு, மூணு வயசுக்குக் கீழ அபூர்வம். உங்க பொண்ணு சரியா அந்த வயசுல நிக்கிறா, அவ்ளோதான் விஷயம்.

பல ஊர் ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து 2010-ல ஒரு கணக்கு வந்துச்சு, தொண்டை வலின்னு டாக்டர்கிட்ட வர்ற புள்ளைங்க 100 பேர்ல 37 பேருக்கு தொண்டையில ஸ்ட்ரெப் இருந்துச்சாம், அஞ்சு வயசுக்குக் கீழன்னா 24. இதுல வேடிக்கை என்னன்னா ஒரு தொந்தரவும் இல்லாம ஓடி விளையாடுற புள்ளைங்கள டெஸ்ட் பண்ணாலும் 100-க்கு 12 பேர்கிட்ட அந்தக் கிருமி சும்மா உக்காந்திருக்கு. அதனால டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்த உடனே பதறவும் வேண்டாம், மூக்கு ஒழுகுது இருமல் இருக்குன்னா டெஸ்ட்டே பெரும்பாலும் தேவைப்படாது.

இப்ப ஐஸ்கிரீம் கேஸுக்கு வருவோம். அத்தைகிட்ட சண்டை போடாதீங்க, ஆனா ஸ்ட்ரெப் உடம்புக்குள்ள போயி ஆட்டத்த ஆரம்பிக்க ரெண்டுல இருந்து அஞ்சு நாள் ஆகும், நீங்க சொல்ற மூணாம் நாள் கணக்கு கச்சிதமா பொருந்துது, கிருமி ஏற்காட்டுல ஒட்டியிருக்கலாம்தான், ஆனா ஐஸ்கிரீம்ல இருந்து இல்ல. கோடை விழா கூட்டத்துல, போட்டிங் க்யூவுல, குளிருதுன்னு எல்லா ஜன்னலையும் சாத்திக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குற பஸ்ல, பக்கத்து சீட்டுல யாரோ இருமியிருப்பாங்க. குளிர் நம்மள நெருக்கி உக்கார வெக்குது, அதுதான் குளிரோட பங்கு.

இது நானா சொல்றது இல்ல. அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல வாரன்னு ஒரு ராணுவ முகாம், 1949-50 வாக்குல அங்க பயிற்சிக்கு வந்த பசங்களுக்கு அலை அலையா ஸ்ட்ரெப் தொண்டை வந்துச்சு. டாக்டருங்க அங்கயே உக்காந்து பாத்தாங்க. கிருமி இருக்கிற ஆளோட கட்டிலுக்கு யாரு கட்டில் பக்கமோ அவனுக்குத்தான் அதிகமா ஒட்டுச்சு, தள்ளிப் படுத்தவனுக்கு கம்மி. போர்வையில, தூசியில இருக்கிற காஞ்ச கிருமியால பரவுதான்னும் சோதிச்சாங்க, பரவல. ஏற்காட்டுல ஹாஸ்டல்ல புள்ளைய விட்டிருக்கிறவங்க இதப் படிச்சா போர்வைய வெந்நீர்ல அலசுறத விட கட்டிலுக்கு நடுவுல எவ்ளோ இடம் விட்டிருக்காங்கன்னு கேளுங்க.

அதே முகாம்லதான் உங்க இதயக் கேள்விக்கும் விடை கெடச்சுது. தொண்டையில சீழ் வெச்ச பசங்கள ரெண்டா பிரிச்சாங்க, பக்கத்துக்கு ஏறக்குறைய 800 பேர், ஒரு பக்கத்துக்கு பென்சிலின் ஊசி, இன்னொரு பக்கத்துக்கு இல்ல. ஊசி போடாத பக்கம் 17 பேருக்கு ருமாட்டிக் ஃபீவர் வந்துச்சு, போட்ட பக்கம் 2 பேருக்கு. ருமாட்டிக் ஃபீவர்னா, தொண்டை சரியாகி ரெண்டு மூணு வாரம் கழிச்சு, கிருமிய அடிக்கக் கெளம்புன நம்ம உடம்போட படையே தப்பா மூட்டையும் இதய வால்வையும் அடிக்கிறது. மூட்டு வீக்கம் இறங்கிடும், வால்வு அப்படி இல்ல. ஐரோப்பா, அமெரிக்காவுல இது ரொம்பவே கொறஞ்சு போச்சு, நம்ம நாட்டுல இன்னும் இருக்கு, இருபது வயசுல வால்வு ஆபரேசனுக்கு வந்து நிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. ஆனா ஒண்ணு, ராணுவ முகாம்லயே 800-ல 17தான், அதுவும் மருந்தே இல்லாம. தொண்டை வலி வந்த ஒவ்வொரு புள்ளைக்கும் இதயம் போயிடும்னு பேசுறது பயமுறுத்துற வேலை. இன்னொரு ஆறுதல், வலி ஆரம்பிச்சு ஒன்பது நாளுக்குள்ள சரியான மருந்த ஆரம்பிச்சா போதும், பெரும்பாலும் தடுத்துடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட வேண்டியதில்ல, காலையில நிதானமா டாக்டர்கிட்ட போலாம்.

எப்ப போகணும்னா, இத வீட்டுலயே பாக்கலாம். வெளிச்சத்துல உக்கார வெச்சு வாயத் தொறந்து "ஆ" சொல்லச் சொல்லி டார்ச் அடிங்க. ரெண்டு பக்க சதையும், அதுதான் டான்சில், வீங்கி செக்கச்செவேல்னு இருந்து மேல தயிர் தெளிச்ச மாதிரி வெள்ளைத் திட்டு இருக்கா, மேலண்ணத்துல குட்டி குட்டியா சிவப்புப் புள்ளி இருக்கா, தாடைக்குக் கீழ நெறி கட்டி தொட்டா வலிக்குதா, காய்ச்சல் திடீர்னு ஏறுச்சா, முக்கியமா இருமல் இல்லாம இருக்கா. இதெல்லாம் சேந்து வந்தா ஸ்ட்ரெப்பா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, உறுதிப்படுத்த தொண்டையில பஞ்சுக்குச்சி விட்டு ஸ்வாப் எடுத்துப் பாப்பாங்க. மூக்கு ஒழுகுது, இருமுது, குரல் கம்மியிருக்கு, கண்ணு செவந்திருக்குன்னா வைரஸ் பக்கம்தான், அதுக்கு பாரசிட்டமாலும் உப்புத்தண்ணி கொப்பளிக்கிறதும் அத்தையோட மிளகுப் பாலும் போதும். எச்சிய முழுங்க முடியாம ஒழுக விடுறது, மூச்சு விட சிரமம், வாயத் தொறக்க முடியாதது, தொண்டையில சாம்பல் நிறத்துல தோல் மாதிரி படர்றது, இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கடைசியா சொன்னது தொண்டை அடைப்பானா, அதாவது டிப்தீரியாவா இருக்கலாம், அது நம்மூர்ல இன்னும் ஒழியல, பொண்ணுக்கு அதுக்கான அஞ்சு வயசு பூஸ்டர் தடுப்பூசி போட்டாச்சான்னு கார்ட எடுத்துப் பாருங்க.

எனக்கு உங்க மேல கோவம் வர்றது மாத்திரை விஷயத்துலதான். மெடிக்கல்ல கொடுக்கிற மூணு நாள் மாத்திரை பெரும்பாலும் அசித்ரோமைசினா இருக்கும், அட்டையில பேரப் பாருங்க. வைரஸ்னா அது வீண். ஸ்ட்ரெப்னா அதுக்கு முதல் மருந்து அதுவே இல்ல, பென்சிலினோ அமாக்ஸிசிலினோதான், முழுசா 10 நாள். பென்சிலின் ஒத்துக்காதவங்களுக்குத்தான் அசித்ரோமைசின், அதுவும் 5 நாள். இந்தக் கிருமி இத்தனை வருசம் கழிச்சும் பென்சிலினுக்கு அடங்கித்தான் போகுது, ஆனா அசித்ரோமைசின பல ஊர்ல எதுத்து நிக்கக் கத்துக்கிச்சு, எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு முழுங்குன புண்ணியம். காய்ச்சல் ரெண்டாம் நாள் விட்டதுன்னு சொல்றீங்களே, மாத்திரை இல்லாட்டியும் மூணு நாலு நாள்ல விட்டிருக்கும், ஸ்ட்ரெப் காய்ச்சலும் அப்படித்தான். பத்து நாள் கொடுக்கச் சொல்றது தொண்டையில மிச்சம் இருக்கிறத சுத்தமா தொடைக்கிறதுக்கு. அலமாரியில இருக்கிற அந்த மிச்ச மாத்திரைய தயவு செஞ்சு அடுத்த தடவைக்குன்னு வெக்காதீங்க. சரியான மருந்து ஆரம்பிச்சு ஒரு நாள் ஆகி காய்ச்சலும் விட்டிருந்தா ஸ்கூலுக்கு அனுப்பலாம், அதுவரைக்கும் தண்ணி பாட்டில், டம்ளர் தனி.

தூக்கம் வரலைன்னீங்களே, அதுக்கு ஒரு வேலை இருக்கு. போன காய்ச்சலுக்கு அப்புறம் முட்டி, கணுக்கால்னு மூட்டு மாறி மாறி வீங்குச்சா, படி ஏறுனா மூச்சு வாங்குதா, கை கால் தன்னால துள்ளுதா? இல்லைன்னா நிம்மதியா தூங்குங்க. ஒண்ணு இருந்தாலும் இந்த வாரமே குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, கவர்மெண்ட் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியிலயே பாக்கலாம்.

டான்சில இப்பவே எடுக்க வேண்டாம். ஒரு வருசத்துல 7 தடவை, இல்ல ரெண்டு வருசமா வருசத்துக்கு 5, இல்ல மூணு வருசமா வருசத்துக்கு 3, அதுவும் ஒவ்வொண்ணும் காய்ச்சல், நெறி, வெள்ளைத் திட்டுன்னு நெசமான தொண்டைப் புண்ணா இருந்தாத்தான் ஆபரேசன் பத்தி யோசிக்கிறது வழக்கம். உங்க கணக்கு நாலுதான், அதுல எத்தனை வெறும் சளின்னு யாருக்கும் தெரியாது. ஒரு நோட்டுல தேதி, எத்தனை டிகிரி, இருமல் இருந்துச்சா, டார்ச்சுல என்ன தெரிஞ்சுது, என்ன மருந்துன்னு எழுதிட்டு வாங்க, வயசு ஏற ஏற பல புள்ளைங்களுக்கு தானா கொறஞ்சிடும், கொறையலைன்னா அந்த நோட்ட எடுத்துக்கிட்டு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க.