தற்கொலைத் தடுப்பு ஆய்வில் சேர அனுபவம் வேண்டுமா?

தம்பி, சேலத்தில் உளவியல் முதுகலை படிப்பதாகவும், முன் அனுபவம் இல்லாமல் தற்கொலைத் தடுப்பு ஆய்வுக்குழுவில் சேர்ப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். குழுவை நடத்தும் பேராசிரியருக்குத் தயங்காமல் எழுதுங்கள். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்ப வேண்டாம். அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த கேள்வியோடு அரைப்பக்கம் போதும். பூச்சிமருந்தை ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைத்துப் பார்த்த சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் காட்டுமன்னார்கோவில் ஆய்விலிருந்து தொடங்கலாம். விவசாயம் பார்க்கும் நம் ஊர்களுக்கு அது ரொம்ப நெருக்கம்.

எனக்கு முதலில் கிடைத்தது பேட்டி ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதும் வேலை. ஏற்காட்டு அம்மா ஒருவர் மகன் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவார். தகரக்கூரையில் மழை மட்டும் கேட்கும். அன்றிரவு தூங்கவில்லை. மனம்விட்டுப் பேச வழிகாட்டி இருப்பாரா என்று சேரும் முன்பே கேளுங்கள். அப்புறம், கனமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு நீங்களும் பேசலாம், 24 மணி நேரமும்.